புரோகிரசிவ் ராக்: ஜப்பானிலும் தமிழகத்திலும்

ராக் இசைக்குரிய கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டே நீண்ட, பல பகுதிகளாகப் பிரிந்த, தாளம் மாறிக்கொண்டே போகும் உருப்படிகளைக் கட்டும் இசை வகை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. கிங் கிரிம்சன் குழு 1969 அக்டோபரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அடுத்த நாலைந்து ஆண்டுகளில் யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் போன்ற குழுக்கள் எல்.பி. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், இருபது நிமிடமோ அதற்கு மேலோ, ஒரே உருப்படிக்கு ஒதுக்கின. பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்றிருந்த காலத்தில் அது துணிச்சல். சில சமயம் வெறும் பகட்டும்தான்.

தமிழில் இதை ‘முற்போக்கு ராக்’ என்று எழுதுவோர் உண்டு. நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவன் காதில் அது சற்று இடிக்கும். தொழிற்சங்கச் சுவரொட்டியிலும், 1975இல் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் பெயரிலும் பழகிப்போன சொல் அது. அதைக் கேட்டதும் கொடி நினைவுக்கு வரும், கிடார் வராது. ஆகவே இக்கட்டுரை ‘புரோகிரசிவ் ராக்’ என்றே சொல்கிறது.

மேற்கத்தியக் கேட்பாளரை இந்த இசை முதலில் திகைக்க வைத்தது எண்ணிக்கையால். அவர்களுடைய கால் நாலுக்கு நாலாகத் தட்டிப் பழகியது. பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) ஏழு எண்ணிக்கையில் நடக்கும். ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ (1972) ஓரிடத்தில் ஒன்பதுக்குத் தாவும். நமக்கு ஏழு என்றால் மிஸ்ர சாபு. ‘தகிட தகதிமி’ என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஐந்து கண்டம், ஒன்பது சங்கீர்ணம். பெயர் வைத்து, பாடம் வைத்து, தொடையில் தட்டிக் கற்றுக்கொடுத்த சங்கதி அங்கே புரட்சியாக வந்து இறங்கியது. அதனால் இந்த இசைக்குள் நுழைய நமக்குப் பின்வாசல் ஒன்று எப்போதும் திறந்தே கிடந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாளாயிற்று.

ஜப்பானில்

நெய்வேலிப் பக்கத்து எங்கள் முத்தாண்டிக்குப்பத்துக்கு ஜப்பான் முதலில் வந்தது இசையாக அல்ல, பெட்டியாக. முந்திரிக்காட்டு ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னும், கண்ணாடித்தாள் பிரிக்காத டி.டி.கே. கேசட்டும்தான் எங்களுக்கு ஜப்பான். அந்தப் பெட்டியைச் செய்த நாட்டுக்காரர்கள் அதில் என்ன கேட்டார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர்கள் கேட்டது நிறைய. 1966 கோடையில் பீட்டில்ஸ் டோக்கியோவின் புடோகான் அரங்கில் வாசித்துப் போன பிறகு, ‘குரூப் சவுண்ட்ஸ்’ எனப்பட்ட கிடார் குழுக்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 1970 வாக்கில் அங்கே ஒரு மொழிச் சண்டை வெடித்தது: ராக்கை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, கூடாதா? உலகத்திடம் போக வேண்டுமானால் ஆங்கிலம்தான் என்றார் உச்சிதா யூயா. அவர் உருவாக்கிய ஃபிளவர் டிராவலின் பேண்ட் 1971இல் ‘சடோரி’ என்ற தட்டைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட ஐந்து பகுதிகள். கிடார் கீழைநாட்டுச் சாயலில் இழைய, சொற்கள் ஆங்கிலம். எதிர்த்தரப்பில் ஹொசோனோ ஹருவோமி இருந்த ஹாப்பி எண்ட் குழு, அதே ஆண்டு ‘கசேமச்சி ரோமன்’ தட்டில் தன் மொழியிலேயே பாடிக் காட்டியது.

இந்தச் சண்டையைப் படிக்கும் தமிழருக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. எங்கள் மாவட்டத்து அண்ணாமலைநகரில் 1941இல் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கமும் கேட்டது ஏறக்குறைய இதே கேள்வியைத்தான். ஒரு வேற்றுமை உண்டு. இங்கே சொந்த வீட்டு இசையில் சொந்த மொழிக்கு இடம் கேட்டார்கள். அங்கே இரவல் வாங்கிய இசையில் கேட்டார்கள்.

ஜப்பானியம் வென்றது. 1974இல் ‘இஷ்ஷொக்கு சொக்குஹத்சு’ என்ற தட்டை வெளியிட்ட குழுவின் பெயர் யோனின் பாயாஷி. திருவிழாவில் குழலும் கொட்டும் சேர்ந்து ஒலிக்கும் குழுவுக்கு அங்கே ‘ஹாயாஷி’ என்று பெயர். ஆக, ‘நாலு பேர் மேளம்’ என்று பொருள் கொள்ளலாம். மின்கிடார் பிடித்த நகரத்துப் பையன்கள் தங்களை மேளக்காரர்கள் என்று அழைத்துக்கொண்டதில் ஒரு குறும்பும் ஒரு நிமிர்வும் இருக்கிறது. ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்டில் கீபோர்டு வாசித்தவர், பின்னாளில் என்.எச்.கே. தொலைக்காட்சியின் ‘சில்க் ரோடு’ தொடருக்கு (1980) இசையமைத்துப் புகழ்பெற்ற கிட்டாரோ. 1979இல் ஷிங்கெட்சு என்ற குழு ‘ஓனி’ என்னும் பேய்ப் பாட்டோடு தன் முதல் தட்டைத் தொடங்கியது. அமைதியாக நடந்துவந்து சட்டென்று வெறிகொண்டு எழும் அந்தப் பாட்டில் ஜெனிசிஸின் சாயல் இருக்கிறது. பேய் மட்டும் முழுக்க உள்ளூர்ப் பேய்.

இதற்குள் இங்கிலாந்தில் பங்க் அலை வந்து, நீண்ட பாட்டு நகைப்புக்குரியதாகிவிட்டது. ஜப்பானில் கதை அப்படி முடியவில்லை. 1980இல் நோவெலா, ஐன் சோஃப் போன்ற குழுக்களை கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் தன் ‘நெக்சஸ்’ முத்திரையில் வெளியிட்டது. பெரிய சந்தை இல்லை. விடாப்பிடியான சிறு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்லச் சொன்னால் கென்சோ என்பேன். 1974இல் கனகாவா மாகாணத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய குழு. பள்ளியின் சுருக்கப் பெயரே குழுவின் பெயராயிற்று. அதன் தலைவரும் கிடார் கலைஞருமான ஷிமிசு யோஷிஹிசா பல் மருத்துவர். பல் பிடுங்கியபடியே நாற்பது ஆண்டுகளுக்குமேல் தட்டுகள் வெளியிட்டார். பாட்டே இல்லாத, கருவி மட்டுமே பேசும் இசை பெரும்பகுதி. ‘ஸ்பார்ட்டா’ (1989) கேட்கத் தொடங்குவோருக்கு நல்ல வாசல்.

இன்னொரு கோடி, யோஷிதா தட்சுயா. 1985இல் ‘ருயின்ஸ்’ குழுவைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர். ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். ஆனால் ஒரு படை வந்து இறங்கிய மாதிரி இருக்கும். பிரான்சின் மாக்மா குழுவைப் பின்பற்றி, எந்த மொழியிலும் சேராத கற்பனைச் சொற்களைப் பாடுவார்கள். டோக்கியோவின் கோயெஞ்சி என்னும் பகுதியின் பெயரைச் சூடிய அவருடைய ‘கோயெஞ்சி ஹியக்கெய்’ குழுவில் இது இன்னும் தீவிரம். எதிர்க்குரல் சேர்ந்து, அசை அசையாக வெட்டி, மின்னல் வேகத்தில் ஓடும். பொருளில்லாத சொல்லை இசையாக்குவது விசித்திரம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். கொன்னக்கோலும் நட்டுவாங்கமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விசித்திரமாக என்ன இருக்கிறது?

தமிழகத்தில்

இங்கே குழுக்கள் முதலில் வரவில்லை, கலைஞர்கள் வந்தார்கள். மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற அதிரடிக் குழுவை 1971இல் தொடங்கிய ஜான் மக்லாக்லின், அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு மின்கருவிகளை ஓரம் கட்டிவிட்டு, யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் வாசித்த விக்கு விநாயக்ராம், தபலாவில் ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார். முதல் தட்டு 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பதிவானது. மக்லாக்லினுக்கு ஒரு சிக்கல் இருந்தது: கிடாரின் கட்டைகள் கமகத்துக்கு இடங்கொடுக்கவில்லை. கட்டைகளுக்கிடையே மரத்தைக் குழிவாகக் குடைந்த கிடார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். தந்தியை அழுத்தினால் சுவரம் வளையும்; வீணையில் இழுப்பதுபோல இழுக்கலாம். எல். சங்கரோ எதிர்த்திசையில் போனார். 1979இல் அவருடைய ‘டச் மி தேர்’ தட்டைத் தயாரித்தவர் ஃபிராங்க் ஜாப்பா.

சக்தியை ராக் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தமிழ்க் காதுக்கும் இந்த இசை உலகத்துக்கும் நடுவே முதல் பாலம் அதுதான். மதராஸில் அதற்குச் சமமான குழு ஏன் எழவில்லை? என் கணக்கில் காரணம் ஒன்றே: சினிமா. டிரம்ஸ் வாசிப்பவர், பேஸ் வாசிப்பவர், கீபோர்டு வாசிப்பவர் என்று கெட்டிக்காரர் யாராயிருந்தாலும் ரிக்கார்டிங் தியேட்டர் கால்ஷீட்டுக்குள் இழுத்துக்கொண்டுவிடும். ஏ.ஆர். ரஹ்மான்கூட இளமையில் ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஜப்பானில் நாலு பேர் சேர்ந்து இருபது நிமிடத்தில் தேடியதை இங்கே நாற்பது பேர் சேர்ந்து இரண்டு சரணங்களுக்கு நடுவே, முக்கால் நிமிட இடையிசையில் தேடினார்கள். இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அந்த நெருக்கடிக்குள்தான் இளையராஜாவின் பேஸ் கிடார் பேசக் கற்றது.

1986 ஒரு விசேஷமான ஆண்டு. அந்த ஆண்டு வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா ஜப்பானின் யமஹா சி.எக்ஸ்.5.எம். கணினியைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு சினிமாவின் கட்டை அவிழ்த்துவிட்டு ‘ஹவ் டு நேம் இட்?’ வெளியிட்டார். பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கிய தட்டு, வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்றொரு உருப்படி. பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவிலுள்ள தொடக்கப் பகுதி அப்படியே ஓட, அதன்மேல் நம்மூர் வயலின் கமகத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒன்று நேர்கோடு, மற்றது வளைகோடு. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே கூடத்தில் நடமாடும். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ இதன் தொடர்ச்சி. புரோகிரசிவ் ராக் என்ற பட்டியலில் எவரும் இவற்றைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் தப்பில்லை.

நான் ‘ஹவ் டு நேம் இட்?’ கேட்டது நெய்வேலியில் ஒரு ரெக்கார்டிங் கடைக்காரர் பதிந்து கொடுத்த அறுபது நிமிடக் கேசட்டில். முதல் பக்கம் தீர்ந்த இடத்தில் வயலின் பாதியில் அறுந்தது. திருப்பிப் போட்டால் அடுத்த உருப்படி. கடைசியில் மிச்சமிருந்த நாடாவை வீணாக்காமல் ஒரு டப்பாங்குத்தும் சேர்த்திருந்தார், காசு வாங்காமல். பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி நாடா தேய்ந்தது. அந்த அறுந்த இடத்தின் மிச்சத்தைப் பல ஆண்டு கழித்துக் கேட்டபோது, நானாகக் கற்பனை செய்து வைத்திருந்ததுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

மின்கிடாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே வாசிக்கலாம் என்று நிலைநாட்டியவர் ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நினைவாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ வெளியிட்டார். 2010இல் சுவர்ணபூமி இசைக்கல்லூரியைத் தொடங்கினார். குழுவாக இந்த வேலையை எடுத்துக்கொண்டவர்களில் முந்தியவர்கள் கொச்சியின் மதர்ஜேன். அவர்களுடைய ‘மக்தூப்’ (2008) தட்டில் பைஜு தர்மஜன் கிடாரில் வயலின் கமகத்தைக் கொண்டுவந்தார். 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் சுவீடனின் ஓபெத் குழு வாசித்தது. இந்த வகை இசைக்குத் தமிழகத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்பது அன்று கண்ணுக்குத் தெரிந்தது.

2003இல் பெங்களூரில் உருவான ‘அகம்’ குழு பலருக்கும் பழக்கமானது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார். முதல் தட்டு 2012, இரண்டாவது 2017. தியாகராஜரின் ‘மனவ்யாளகிஞ்சரா’வையும் தீட்சிதரின் ‘ரங்கபுர விஹாரா’வையும் டிரம்ஸோடும் கனத்த கிடாரோடும் பாடியபோது சாகித்தியம் கெட்டுவிட்டதென்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. சில இடங்களில் கிடார் வெறும் சுவராக நிற்கிறது, ராகத்துக்குள் நுழைவதில்லை என்பதுதான் என் குறை. கென்சோவின் பல் மருத்துவரைப்போல, அகம் குழுவினர் பலரும் வாரநாளில் கணினித் துறை வேலைக்குப் போய்வந்தவர்கள். இரண்டு நாட்டிலும் இந்த இசை பிழைத்தது சனி ஞாயிறுகளில்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஜப்பான் வீடியோ கேம் வழியாக வருகிறது. உவேமட்சு நொபுவோ ‘ஃபைனல் ஃபேண்டசி VI’ விளையாட்டுக்காக 1994இல் அமைத்த ‘டான்சிங் மேட்’, தேவாலய ஆர்கனில் தொடங்கி எமர்சன் லேக் அண்ட் பாமர் காலத்து ராக்குக்கே போய்ச் சேரும். விளையாடுகிற பையனுக்கு இது எந்த வகை என்று தெரியாது; வில்லன் செத்துவிட்டால் இசை நின்றுவிடுமே என்பதுதான் கவலை.

ஊரில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவருக்குப் போன தை மாதம் கோயெஞ்சி ஹியக்கெய்யைக் கேட்கக் கொடுத்தேன். எந்த நாடு, என்ன பாஷை என்று எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்ட ஆரம்பித்தார். நடுவில் ஓரிடத்தில் கை நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. முடிந்ததும், “இன்னொரு வாட்டி போடு தம்பி, ஒரு இடத்துல எடுப்பு விட்டுப்போச்சு” என்றார்.