நூற்றுவர் கண்ட ஆசான்

ஆண்டுதோறும் சனவரி 29 ஆம் நாள் மாலையில் விஜய் சௌக்கில் நிகழும் பாசறை திரும்பும் விழாவைத் தலைநகர்வாழ் தமிழர் பலரும் கண்டு களித்திருப்போம். முப்படைகளின் பேண்டு வாத்தியக் குழுவினர் ஒரே சீராய் அடியெடுத்து வரும் அழகில் மயங்கும் நாம், அந்நடையைக் கற்பித்தவர் யாரென வினவுவதில்லை. படைக்கெனப் பிறந்த இக்கலை அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்து, கால்பந்தாட்ட இடைவேளையில் மைதானத்தை நிறைக்கும் பெருங்காட்சியாய் வளர்ந்தது. (அவர்தம் கால்பந்து நம்முடையதன்று; பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம் அது.) அக்கலையை வளர்த்தோருள் ஒருவர் வில்லியம் பேட்ரிக் ஃபாஸ்டர். ஒரே கல்விக்கூடத்தில் 52 ஆண்டுகள் குழுவை நடத்தியவர்.

கான்சாஸ் மாநிலத்துக் கான்சாஸ் நகரில் 1919 இல் பிறந்த ஃபாஸ்டர் இளமையிலேயே கிளாரினெட் பயின்றார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1941 இல் இசைக்கல்விப் பட்டமும் பெற்றார். ஆயினும் அப்பல்கலைக்கழகத்தின் அணிவகுப்புப் பேண்டில் கறுப்பின மாணவரான அவருக்கு இடமில்லை. குழுவை நடத்தும் நெறியாளராக வேண்டுமென்ற தம் விருப்பத்தைத் துறைத் தலைவரிடம் சொன்னபோது, கறுப்பருக்கு அத்தகைய வேலை எங்கும் கிடையாது, வேறு தொழில் பார்க்கலாம் என்ற அறிவுரையே கிடைத்தது. வெள்ளையர் குழு எதற்கும் குறையாத ஒரு கறுப்பின மாணவர் குழுவை உருவாக்கியே தீர்வதென அவர் உறுதி பூண்டார்.

1946 இல் அவர் ஃபுளோரிடா மாநிலத்துத் தல்லஹாசி நகருக்கு வந்தார். கறுப்பின மாணவர்க்கென 1887 இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிருந்தது. 1953 இல் அது ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஆயிற்று. பேருந்தில் கறுப்பருக்குத் தனி இருக்கை வகுத்திருந்த ஊர் அது. 1956 இல் அக்கல்விக்கூடத்து மாணவியர் இருவர் எழ மறுத்ததே அங்குப் பேருந்துப் புறக்கணிப்பைத் தோற்றுவித்தது. அத்தகைய ஊரில்தான் ஃபாஸ்டர் தம் குழுவை வளர்த்தார். குழு நூறு பேரை எட்டியபோது ‘நூற்றுவர் அணி’ என்னும் பெயர் அமைந்தது. நூற்றுவர் என்றதும் நமக்குக் கௌரவர் நினைவே எழும். இவர்களோ இசையால் வென்றவர்கள். பின்னாளில் முந்நூறைத் தாண்டியும் பெயர் மாறவில்லை.

அவர் முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். நம் இசை மாணவர் ஒரே பாடத்தை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் எனப் பாடிப் பயில்வதை அறிவோம். ஃபாஸ்டர் அதனைக் கால்களுக்குக் கற்பித்தார் எனலாம். நிமிடத்துக்கு 20 அடியே வைக்கும் மிகமெதுவான நடை ஒன்று. மிக வேகமாய் அடி வைக்கும் விரைநடை மற்றொன்று. விரைவினும் மெதுநடையே கடினமென்பது நம் துணிபு; ஒற்றைக் காலில் மூன்று விநாடி நின்றுகொண்டே மூச்சைச் சிதறவிடாது ஊத வேண்டுமன்றோ! இசை முழுதும் மனப்பாடமாக இருத்தல் வேண்டும். கையில் தாள் கூடாது. படையின் விறைப்பையே பெரிதெனக் கொண்டிருந்த துறையில், தம் மக்களின் ஆடல் நடையை அவர் தயக்கமின்றிப் புகுத்தினார். பிற்காலத்தில் பல குழுக்களும் அதனைப் பின்பற்றின.

பல்கலைக்கழகப் பேண்டுகளுக்குரிய தலையாய விருதான சட்லர் கேடயம் 1985 இல் அவர் குழுவுக்குக் கிடைத்தது. அவரைத் தன் குழுவில் சேர்க்காத கான்சாஸ் பல்கலைக்கழகம் அதே கேடயத்தைப் பெற்றது 1989 இல். அவ்வாண்டு சூலை 14 ஆம் நாள், பிரெஞ்சுப் புரட்சியின் இருநூற்றாண்டு விழாவில், பாரீசின் சான்ஸ் எலீசே பெருவீதியில் அமெரிக்க நாட்டின் சார்பில் நடந்து சென்றவர்கள் தல்லஹாசி மாணவர்களே. துறைத் தலைவரின் அறிவுரைக்கு இதனினும் தக்க மறுமொழி உண்டோ?

1998 இல் ஃபாஸ்டர் ஓய்வு பெற்றார். அவரிடம் பயின்றவர் ஒருவரே அடுத்துப் பொறுப்பேற்றார். 2010 ஆகஸ்டு 28 அன்று, தம் 91 ஆம் வயதில் ஆசான் மறைந்தார்.

இத்துடன் முடித்தால் புகழ்மாலையாகுமேயன்றி வரலாறாகாது. மூத்தோர் புதியோரை அடித்து வதைத்துத் தம்முள் ஏற்கும் கொடிய வழக்கம் இக்குழுவினுள்ளும் இருந்தது. 2011 நவம்பரில் ஆர்லாண்டோ நகரில் ஆட்டம் முடிந்த இரவில், குழுவின் பேருந்துக்குள் நிகழ்ந்த வதையில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மைதானத்தில் அத்துணைக் கட்டுப்பாடு கற்ற கைகளே அதைச் செய்தன என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது. பல்கலைக்கழகம் குழுவையே நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ ஈராண்டு மைதானம் ஓசையின்றிக் கிடந்தது. விதிகள் திருத்தப்பட்டு, சிறிய அணியாய் அவர்கள் மீண்டும் களமிறங்கியது 2013 செப்டம்பர் முதல் நாள், அதே ஆர்லாண்டோ நகரில்.