ஜுரம் என்று எழுதிய விண்ணப்பங்கள்

பெண்கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கல்லூரி தொடங்கிய ஆண்டைத் தேடுகிறார்கள். முதல் பட்டதாரியின் பெயரையும் அரசாணையையும் தேடுகிறார்கள். மாணவிகள் கைப்பட எழுதிய விடுப்பு விண்ணப்பங்களை யாரும் தேடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் துறை அலமாரியில் கிடந்து, பிறகு எடைக்குப் போய்விடும் தாள்கள் அவை. ஆனால் ஒரு பெண்ணால் ஏன் படிக்க வர முடியவில்லை என்பதை அவளே எழுதிவைத்த இடம் அது ஒன்றுதான்.

'விண்ணப்பம்' பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் இன்னார் விண்ணப்பம் செய்ய இன்னது கொடுக்கப்பட்டது என்று வரும். அரசன் கொடுத்ததோடு, கேட்டவர் யார் என்பதும் கல்லில் நின்றதால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்கு அந்த ஊரின் தேவை என்னவென்று தெரிகிறது. கேட்டவரின் குரல் அழிந்துபோனால் கொடுத்தவரின் பெருமை மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் ஊர் எர்ணாவூர். நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு எர்ணாவூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், காசிமேடு என்று இந்தக் கடலோரம் முழுவதிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். வகுப்புப் பொறுப்பாசிரியை என்ற முறையில் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் வருகைக் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 வரை என்றால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, குறைவைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். 50 முதல் 64 வரை என்றால் அந்தப் பருவத்தில் எழுத முடியாது, அடுத்த பருவத்தில்தான். 50க்கும் கீழே இறங்கினால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கு அலுவலகத்தில் 'கண்டோனேஷன்' என்று பெயர். குற்றத்தைப் பொறுத்தருளுதல் என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். வராமல் போனவள் குற்றம் செய்தவள், அவளை மன்னிக்கலாமா வேண்டாமா என்பதே விதியின் கேள்வி. அவளை வரவிடாமல் செய்தது எது என்ற கேள்வி அதற்குள் இல்லை.

பெண்கள் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததே தனி அனுமதி கேட்டுத்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர 1875 ஆனது. புதுக்கோட்டையில் 1904இல் முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் அவர் உள்ளே போக முடிந்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று வெளியே வந்த அந்தப் பெண்ணைத்தான் நாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்கிறோம். விதியில் இடமில்லாத ஒருத்திக்காகக் கேட்டு, பெற்று, பிறகு அதுவே வழக்கமாக மாறியது. நம் கல்வியின் வரலாறு இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது.

உள்ளே வந்த பிறகு, எந்தக் கஷ்டத்தை எந்தப் பெயரில் சொன்னால் செல்லும் என்ற கேள்வி எழுந்தது. முதலில் செல்லுபடியானது நோய். அதற்கு மருத்துவர் சான்று போதும். அதன்பின் கர்ப்பம். சென்னைப் பல்கலைக்கழக விதிகளில், படிக்கும் காலத்தில் கருவுறும் 'திருமணமான' பெண்ணுக்கு 65 என்ற எல்லை 55 ஆகத் தளர்த்தப்படுகிறது. அரசு மருத்துவமனையைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவரின் சான்று வேண்டும். இந்த விதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இதனால் பட்டம் பெற்றவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். கர்ப்பம் உடலின் நிலை. திருமணம் உடலின் நிலை அல்ல. தாலி இருந்தால்தான் வயிற்றின் பாரத்தைப் பல்கலைக்கழகம் பாரம் என்று ஒப்புக்கொள்ளும்.

ஆய்வு மாணவிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல்தான் வழி செய்தது. ஆய்வுக் காலம் முழுவதிலும் ஒரு முறை, 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வு அதற்கு முந்தையது. மகள் பிறந்தபோது நான் கொடுத்த கடிதத்தில் 'உடல்நலக் குறைவு' என்று இருக்கும். அலுவலகத்தில் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். நான் பதிவு செய்திருந்த நிறுவனத்தின் கோப்பைப் பார்த்தால் அந்த ஆண்டில் எனக்கு ஒரு நோய் வந்திருக்கும், பிள்ளை பிறந்திருக்காது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைத் தளர்வும் தருவதற்கு விதி வகுக்குமாறு மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டது 2021 டிசம்பரில்.

நீதிமன்றமும் ஒரே குரலில் பேசவில்லை. கர்ப்பத்தால் வருகை குறைந்த சட்ட மாணவிகளைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் சொன்னது. அதே நிலையில் வந்த இன்னொரு மாணவிக்கு அதே நீதிமன்றம் 2018இல் சலுகை மறுத்தது. 2023 ஜனவரியில் கேரளத்தில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிடாயை முன்னிட்டு மாணவிகளுக்கு வருகையில் 2 விழுக்காடு தளர்வு தந்தது. அங்கே மாணவர் அமைப்பு கேட்டது, பல்கலைக்கழகம் கொடுத்தது. சில நாளிலேயே மாநில அரசு அதைத் தன் உயர்கல்வித் துறையின் கீழுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது.

நோய், கர்ப்பம், மாதவிடாய் மூன்றும் உடலுக்குள் நடப்பவை. வீட்டுக்குள் நடப்பதற்கும் ஊருக்குள் நடப்பதற்கும் விதியில் இன்னும் பெயர் இல்லை. எர்ணாவூர்ப் பெண்ணின் படிப்பு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. கல்லூரிகள் மூடப்பட்டன, தேர்வுகள் தள்ளிப்போயின, 11ஆம் தேதி மறுபடி திறந்தன. நகரத்துக்கு வெள்ளம் அத்தோடு வடிந்தது. எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பம். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. எர்ணாவூரில் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் இறங்கிய பிறகும் சுவரில் கறுப்புக் கோடு நின்றது. பாய், துணி, அரிசி டிரம், பிள்ளைகளின் நோட்டு எல்லாவற்றிலும் எண்ணெய். தேய்த்துக் கழுவியவர்கள் பெண்கள். கை கால் தடித்து அரித்தது. படகும் வலையும் கெட்டுக் கடலுக்குப் போவது நின்றது. கிடைத்த மீனையும் எண்ணெய் வாடை என்று யாரும் வாங்கவில்லை. கூடை தூக்கும் அம்மாவின் அன்றாட வருமானம் போனதும் மூத்த மகள் ஏதாவது ஒரு கடையில் வேலைக்கு நின்றாள். 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சுனாமி வந்ததும் ஒரு டிசம்பர் 26 என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அரசு கணக்கெடுத்தது. எண்ணெயால் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், கத்திவாக்கம் பகுதியில் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் அறிவிக்கப்பட்டது. குடும்பம் ஒரு கணக்கு, படகு ஒரு கணக்கு. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகாமல் நின்ற பெண்ணின் நாட்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்த நாட்கள் அடுத்த பருவத்தின் முடிவில், வருகைப் பதிவேட்டில் வந்து நின்றன. 2024 ஏப்ரல் தேர்வுக்கு முன்பு என் மேசைக்கு ஒரு சிறு கட்டு விண்ணப்பங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: கடும் காய்ச்சல்.

"ஏம்மா, வீட்ல எண்ணெய் பூந்ததுன்னு சொன்னியே, அத எழுதலையா?"

"அதெல்லாம் எழுதினா ஒத்துக்க மாட்டாங்க மேம். சீனியர் அக்காங்க ஜுரம்னுதான் எழுதச் சொன்னாங்க."

அவள் சொன்னதில் தவறில்லை. படிவத்தில் மருத்துவச் சான்று இணைக்க ஒரு கட்டம் இருக்கிறது. வெள்ளத்துக்கும் எண்ணெய்க்கும் அம்மாவின் கூடைக்கும் கட்டம் இல்லை. அவள் அந்தக் கட்டத்துக்கு ஏற்றபடி தன் கதையை வெட்டிக்கொள்கிறாள். நாளை யாராவது எங்கள் கல்லூரிக் கோப்புகளைப் புரட்டி அந்தப் பருவத்தின் வரலாற்றை எழுதினால், வடசென்னை மாணவிகளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது என்றுதான் எழுதுவார்கள். எண்ணெய் என்ற சொல்லே அதில் இருக்காது. எண்ணெய் இல்லாத கோப்பிலிருந்து எண்ணெய்க்கான விதி எப்படிப் பிறக்கும்?

அப்படி ஒரு விதி நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், மானியக் குழு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஊரடங்கு நாட்களில் எல்லா மாணவர்களும் ஆய்வாளர்களும் 'வந்ததாகக் கருதலாம்' என்பது அதன் சாரம். சான்று, கட்டணம், மன்னிப்பு எதுவும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் வந்த கஷ்டம் என்பதால் விதி ஒரே வரியில் வளைந்தது. எர்ணாவூருக்கு மட்டும் வந்தால் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக ஜுரம் காட்ட வேண்டியிருக்கிறது.

இதில் போவது சிறிய பொருள் அல்ல. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று இதே வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம்தான் இப்படிக் கல்வி உதவியாக மாறியது. பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது தாலிக்கான தங்கமா, படிப்புக்கான பணமா என்ற கேள்விக்கு அரசு சொன்ன பதில் அது. தேவதாசி முறையை எதிர்த்து நின்ற அம்மையாரின் பெயருக்கு அதுவே பொருத்தம். ஆனால் பணம் கொடுத்து வாசல்வரை அழைத்துவந்த பெண்ணை வருகைக் கணக்கு பாதியில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? "கரஸ்ல கட்டிக்கோம்மா" என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி 1981இல் வந்தது. கல்லூரி வாசலே பார்க்காத எத்தனையோ பெண்களுக்கு அது கதவைத் திறந்தது. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவளை வெளியே அனுப்பவும் அதே கதவைக் காட்டுவதுதான் வேதனை. வீட்டில் படிக்கலாம் என்று அனுப்பப்படுகிறவளுக்குப் படிக்க நேரம் கொடுக்காததே அந்த வீடுதானே.

ஆகவே என் மாணவிகளுக்கு இப்போதெல்லாம் இதைச் சொல்கிறேன். ஹால் டிக்கெட் போய்விடும் என்ற பயம் நியாயமானது. காய்ச்சலோ தோல் நோயோ உண்மையில் வந்திருந்தால் மருத்துவச் சான்றை வைத்துக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதன் கூடவே தனித்தாளில் நடந்ததை எழுதுங்கள். எந்தத் தேதியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, எத்தனை நாள் வேறிடத்தில் தங்கினீர்கள், வீட்டு வருமானம் எப்போது நின்றது, எந்தெந்த வகுப்புகள் போயின என்று வரிசையாக. அழுகையும் கெஞ்சலும் வேண்டாம், தேதிகள் போதும். குடும்ப அட்டை நகல், நிவாரண டோக்கன் அல்லது பணம் வந்த வங்கிப் பதிவு, வீட்டின் புகைப்படம் எதுவானாலும் இணையுங்கள். பருவ முடிவுவரை காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு மனுவும் எழுதுங்கள். ஒருத்தி எழுதினால் அவள் வீட்டுப் பிரச்சினை. பத்துப் பேர் எழுதினால் ஊர்ப் பிரச்சினை. தேவையானால் அதை மொழிபெயர்த்துப் பல்கலைக்கழகம்வரை அனுப்புவது எங்கள் வேலை.

இதற்குப் பலன் உடனே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியின் மாணவிகளுக்கு அந்த நாட்கள் வந்ததாகக் கருதப்படும் என்ற ஒரு வரி விதியில் ஏறவேண்டும். 'திருமணமான' என்ற ஒரு சொல் விதியிலிருந்து இறங்கவேண்டும். இரண்டுக்கும் சான்றாக நீட்ட ஒரு கோப்பு வேண்டும். எர்ணாவூரில் அடுத்த மழைக்காலம் எப்படியும் வரும். அப்போது எழுதப்படும் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்துக்கு எதிரே எண்ணெய் என்றால் எண்ணெய் என்றே இருக்கட்டும்.