'இஸ்' என்ற சின்னச் சொல்லின் கதை

உயர்தரத்தில் பைதன் படிக்கும் நம் வன்னிப் பிள்ளைகளுக்காக இது.

நோர்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் 'இஸ்' என்றால், "இந்தப் பொருள் இந்த வகுப்பைச் சேர்ந்ததா?" என்ற கேள்வி. இரண்டும் ஒரே பொருளா என்று கேட்க அங்கே இரட்டைச் சமன் குறி. 1991இல் வெளிவந்த பைதனில் 'இஸ்'தான் ஒரே பொருளா என்று கேட்கும். இரட்டைச் சமன் பெறுமானத்தை மட்டும் ஒப்பிடும். சி ஷார்ப்பில் அதே 'இஸ்' மறுபடியும் வகையைக் கேட்கிறது!

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே எல்லா வேலையும் செய்வதால் வந்த வினை. "இவர் ஆசிரியர்" என்று சொல்ல நமக்கு அது தேவையே இல்லை. பைதனில் 'இஸ்' கண்டால் 'அதே' என்று வாசியுங்கள். வரவுப் பதிவேட்டில் இரண்டு பாத்திமா இருந்தால் பெயர் சமன், ஆள் வேறு.

ஆனால் வழமையாக நாம் பாவிக்கும் பைதன் -5 முதல் 256 வரையான முழு எண்களை ஒவ்வொரு பொருளாகவே வைத்திருக்கிறது. அதனால் 75 புள்ளியை 'இஸ்' போட்டு ஒப்பிட்டாலும் விடை சரியாக வரும், பிள்ளையும் நம்பிவிடும். 300ஐ இரண்டு தடவை உள்ளிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், பொய் என்று வரும். நேரடியாக எழுதிய எண்ணோடு 'இஸ்' போட்டால் எச்சரிக்கை வருவது 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்துதான். பாடசாலைக் கணினியில் அதற்கு முந்திய பதிப்பு இருந்தால் அதுவும் வராது.