லிலி பார்ட்டின் கடன்: ஈடித் வார்ட்டன் புனைவில் கூலியற்ற உழைப்பு

ஈடித் வார்ட்டனின் ‘தி ஹவுஸ் ஆஃப் மர்த்’ நாவல் 1905இல் வெளிவந்தது. அதன் நாயகி லிலி பார்ட்டின் வீழ்ச்சிக்கு விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் கூறிவந்துள்ளனர். ஆடம்பரத்தைத் துறக்க முடியாத மனப்பலவீனம் அவளை அழித்தது என்பது ஒன்று. மேட்டுக்குடிச் சூழல் அவளை அலங்காரப் பொருளாகவே வளர்த்ததால் வேறு வாழ்வு அவளுக்குக் கைகூடவில்லை என்பது மற்றொன்று. இரு சாராரும் லிலி செய்யும் வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை. அவள் ஓயாமல் உழைப்பவள். அந்த உழைப்புக்குக் கூலி என்ற பெயர் மறுக்கப்பட்டதால்தான் அது கடனாக மாறி அவள் கழுத்தை நெரித்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பெல்லோமான்ட் மாளிகைக்கு லிலி விருந்தாளியாகப் போகிறாள். அங்கே காலையில் மாளிகைத் தலைவி ஜூடி டிரெனருக்காக அழைப்பிதழ்களும் கடிதங்களும் எழுதிக் கொடுக்கிறாள். பகலில் சலிப்பூட்டும் விருந்தினரிடம் முகம் சுளிக்காமல் பேசுகிறாள். இரவில் பிரிட்ஜ் ஆட உட்கார்ந்தாக வேண்டும். தோற்றால் கைப்பணம் போகும். மேசையைச் சுற்றியுள்ள மற்ற பெண்களின் தோல்வியைக் கணவன்மார் ஈடுகட்டுவார்கள். இருபத்தொன்பது வயதாகியும் மணமாகாத லிலிக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவளை வளர்க்கும் அத்தை திருமதி பெனிஸ்டன் தையற்காரியின் பாக்கியைத் தீர்க்க முன்வருவார். சீட்டாட்டக் கடனைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிடுவார். அந்தச் சமூகத்தில் நிலைத்திருக்க ஆடையும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். இரண்டுமே லிலியின் தொழிற்செலவுகள். அத்தை ஒன்றை மட்டும் ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குகிறார்.

தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் எழுதிய ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ இந்த உலகைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைசெய்யும் நூல். ஆணின் செல்வத்தை ஊருக்குக் காட்டும் பொறுப்பு அவன் மனைவியின் மீது விழுகிறது என்று வெப்லன் விளக்கினார். ஆனால் தனக்கென ஓர் ஆணில்லாத பெண் எவருடைய செல்வத்தைக் காட்டுவாள் என்பதை அவர் விரித்துப் பார்க்கவில்லை. வார்ட்டனின் நாவல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பங்குச் சந்தையில் புழங்கும் ஜூடியின் கணவர் கஸ் டிரெனர், லிலியின் சொற்பத் தொகையை முதலீடு செய்து பெருக்கித் தருவதாகச் சொல்கிறார். தவணை தவணையாக வரும் 9,000 டாலரை லிலி தன் முதலீட்டின் லாபம் என்று நம்பி வாங்குகிறாள். பிறகு ஓர் இரவு, மனைவி வீட்டில் இருப்பதாக நம்பவைத்து அவளை வரவழைத்துப் பணத்துக்கு ஈடு கேட்கிறார். இக்காட்சியை வெறும் காமுகனின் அத்துமீறலாக வாசிப்பது போதாது. டிரெனர் பேசுவது வணிகனின் பேச்சு: விருந்துக்குக் காசு கொடுத்தவனுக்கு மேசையில் இடம் வேண்டும் என்கிறார். கணக்குப் புத்தகம் முழுக்க அவர் கையில் இருக்கிறது. எது முதலீடு, எது கடன், எது முன்பணம் என்று அவர் பின்னால் தீர்மானித்துக்கொள்ளலாம். சந்தையின் மொழி அவளுக்கு எப்போதுமே கற்பிக்கப்பட்டதில்லை. உடல் தப்பிவிடுகிறது, கடன் தப்பவில்லை.

ஆனால் லிலியை வெளியேற்றும் வேலையைச் செய்பவர் ஒரு பெண். தன் கள்ளக்காதலை மறைக்க பெர்த்தா டார்செட், மான்டி கார்லோவில் எல்லோர் முன்னிலையிலும் லிலியைத் தன் உல்லாசக் கப்பலுக்குத் திரும்பக் கூடாது என்கிறார். பெண்ணே பெண்ணுக்குப் பகை என்று இதைச் சுருக்குவது தவறு. பெர்த்தாவின் சொல் எடுபடுவது கணவனின் பணம் அவர் பின்னால் நிற்பதால்தான். உண்மை தெரிந்தவர்கள்கூட அதனால்தான் வாய் திறப்பதில்லை. பெர்த்தாவுடன் முன்பு உறவு வைத்திருந்த வழக்கறிஞர் லாரன்ஸ் செல்டன் எதையும் இழக்கவில்லை. லிலியோ அவருடைய குடியிருப்பில் தேநீர் அருந்திவிட்டு இறங்கியதற்கே பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் படிக்கட்டில்தான் வர்க்கம் கதைக்குள் நுழைகிறது. படியைத் துடைத்துக்கொண்டிருந்த திருமதி ஹாஃபென், பெர்த்தா செல்டனுக்கு எழுதிய கடிதங்களைப் பின்னர் லிலியிடம் விற்க வருகிறார், அவற்றை எழுதியவள் லிலியே என்று எண்ணிக்கொண்டு. தரையைத் துடைப்பவளுக்கு மேட்டுக்குடிப் பெண்கள் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள். லிலிக்கு நாவலில் கிடைக்கும் ஒரே ஆயுதம் இந்தப் பிழையால் வருகிறது. அதை அவள் பயன்படுத்த மறுத்துத் தீயிலிடுகிறாள். அந்த மறுப்பின் உயர்வை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இதைவிடக் கூர்மையானது நெட்டி ஸ்ட்ரதரின் நிகழ்வு. நோயுற்ற இந்தத் தொழிலாளிப் பெண் மலைப்பகுதி மருத்துவ நிலையத்தில் உடல் தேறி, மணம் முடித்துக் குழந்தையும் பெறுகிறாள். அவள் சிகிச்சைக்கு லிலி கொடுத்தது டிரெனரிடமிருந்து வந்த பணம். ஒரு பெண்ணை வீழ்த்திய தொகையே இன்னொருத்திக்கு உயிர் கொடுத்தது. தர்மம் எங்கிருந்து புறப்படுகிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தடம்பிடித்த அமெரிக்க நாவல்கள் குறைவு.

வார்ட்டனின் பார்வைக்கு எல்லைகளும் உண்டு. அவர் 1862இல் இதே பழைய நியூயார்க் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர். புதுப்பணக்கார யூதரான சைமன் ரோஸ்டேலை அன்றைய இனவெறுப்பின் வார்ப்பில்தான் வரைகிறார். அதை மழுப்பத் தேவையில்லை. ஆயினும் திருமணத்தின் விலையை லிலியின் முகத்துக்கு நேரே சொல்லும் மனிதராகவும் அவரையே ஆக்குகிறார். தொப்பிப் பட்டறையில் லிலியோடு உட்கார்ந்து தைக்கும் பெண்களோ கூட்டமாகவே நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய கூலியும் கடனும் நாவலின் கணக்கில் ஏறவில்லை.

1913இல் வந்த ‘தி கஸ்டம் ஆஃப் தி கன்ட்ரி’யில் வார்ட்டன் நேரெதிரான ஒருத்தியைப் படைத்தார். அன்டைன் ஸ்பிராக் தன் திருமணங்களுக்கும் மணமுறிவுகளுக்கும் விலை பேசுகிறாள். மகனைத் தன்னுடன் வைத்துக்கொள்ளும் உரிமையைக்கூடப் பணமாக்கப் பார்க்கிறாள். கணக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டதால் அவள் பிழைக்கிறாள். அவளை வெறும் பேராசைக்காரி என்று வெறுப்போர் லிலியின் முடிவை மறந்துவிட்டே பேசுகிறார்கள்.

அத்தை விட்டுச்சென்ற 10,000 டாலர் கைக்கு வந்த இரவே லிலி டிரெனருக்குக் காசோலை எழுதுகிறாள்; மற்றப் பாக்கிகளும் தீர்ந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தூக்கமருந்து மிகுந்து அவள் இறப்பது அதன் பிறகுதான். செல்டன் ஒரு நாள் தாமதித்து வந்ததால் நேர்ந்த காதல் சோகமாகவே இந்நாவலைப் பாடத்திட்டங்களில் வைப்பதை நாம் கைவிட வேண்டும். உழைப்பையும் கடனையும் பற்றிய நாவல்களின் வரிசையில் வைத்து இதைக் கற்பிக்க வேண்டும்.