குறளி: ஒரு குட்டைப் பேயின் பெயர் வரலாறு

‘குறளி வித்தை’ என்னும் தொடரை ரகரம் இட்டுக் ‘குரளி வித்தை’ என அச்சிடுவதும், அவ்வாறு அச்சிட்ட பின், குறளி என்னும் பேய் உருவம் காட்டாமல் குரல் மட்டும் காட்டுவதால் அப்பெயர் வந்தது என்று விளக்கம் கூறுவதும் வழக்கமாகி வருகின்றன. காதுக்கு இனிதாக இருப்பினும் இவ்விளக்கம் எழுத்து நிலையிலேயே நில்லாது. குரல் என்பது லகர ஈற்றுச் சொல். அதிலிருந்து ஒரு பெயர் பிறந்திருக்குமாயின் அது ‘குரலி’ என்று நின்றிருக்குமேயன்றிக் குறளி என்று ஆகியிராது. ரகரம் றகரமாகவும் லகரம் ளகரமாகவும் ஒரே சொல்லில் ஒருங்கே திரிந்தன என்று கொண்டால்தான் இவ்விளக்கம் பிழைக்கும்; அத்தகைய இரட்டைத் திரிபுக்கு இணையான இன்னொரு சொல்லை இக்கருத்தினர் காட்டுவதில்லை.

குறளி என்பது மந்திரவாதியின் கட்டுக்குள் நின்று, அவன் ஏவியதைச் செய்து, கேட்ட பொருளைக் கணத்தில் கொணர்ந்து தருவதாக நம்பப்படும் குட்டையான சிறுபேய் ஆகும். ஆகாதவர் வீட்டுக் கூரையில் கல்லெறிவதும், ஆக்கிய சோற்றில் அழுக்கை இடுவதும் அதன் வேலைகளாகச் சொல்லப்படும். 1820களில் கோப்பிப் பயிருக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின் அப்பயிருக்காகவும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் மட்டுமன்றி இப்பேயையும் உடன் கொண்டே வந்தனர். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களின் லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறை வீடுகளில், பேச்சுத் தமிழ் ரகர றகர வேறுபாட்டைக் காப்பதில்லை. ஆதலால் அங்கே பேசப்படும் ஒலியை மட்டும் கேட்டு எழுதுவோர் தவறுவது இயல்பே. அத்தவறு பொறுக்கத்தக்கது, அதன்மேல் ஒரு சொற்பிறப்பைக் கட்டுவது பொறுக்கத்தக்கதன்று.

குறு என்னும் அடி நன்கு அறியப்பட்டதே. குறில், குற்றியலுகரம், குறுநிலம், குறுந்தொகை ஆகிய எல்லாவற்றிலும் அளவிற் சிறுமை என்னும் பொருளே நிற்கிறது. தெலுங்கில் குருச என்னும் சொல்லும் குட்டை என்றே பொருள்படும். இவ்வடியிலிருந்து பிறந்த குறள் என்பது இன்று ஈரடி வெண்பாவையே நினைவூட்டினும், பழைய நூல்களில் அது குட்டை உருவுடைய மனிதனின் பெயராகவும் வழங்கிற்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளை எண்ணுமிடத்துக் கூனுக்கு அடுத்துக் குறளை வைக்கிறது. யாப்பிலக்கண உரைகாரர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, மக்களுள் மிகக் குறியவன் குறளன், அவனினும் சற்று நெடியவன் சிந்தன், இடைப்பட்டவன் அளவிற்பட்டவன் என அடுக்கி, குறளடி, சிந்தடி, அளவடி என்னும் அடிப்பெயர்கள் இம்மனித உருவங்களை ஒட்டியே எழுந்தன என்று விளக்கினர். அவ்விளக்கத்தின்படி மனிதனின் பெயரே பாட்டுக்குச் சென்றது. பாட்டின் பெயர் மனிதனுக்கு வரவில்லை. திருக்குறளின் பெயரை அறிந்த பலர் இதனை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

குறளனாகிய இம்மனிதனின் வாழ்க்கையைத் தமிழில் முதன்முதலில் விரிவாகக் காட்டுவது மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியில் உள்ள கலித்தொகை 94ஆம் பாட்டு. அதில் அரண்மனைப் பணியாளர்களாகிய குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் வழியில் எதிர்ப்பட்டு, ஒருவர் உடலை ஒருவர் இகழ்ந்து, நிறுத்தி வைத்த சூதாட்டப் பலகை என்றெல்லாம் வசை பேசி, முடிவில் மனம் இணங்கித் தழுவிக்கொள்கின்றனர். இகழ்ச்சி நிறைந்த பாட்டே எனினும், அக்குறளன் ஆசையும் சினமும் சொல்வன்மையும் உடைய முழு மனிதனாகவே அதில் நிற்கிறான். அவ்வளவு உயிரோட்டமுள்ள குள்ளனைப் பிற்காலக் கதைகள் படைத்ததாகச் சொல்ல இயலாது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலும் கோப்பெருந்தேவியைச் சூழ்ந்து செல்லும் ஏவலர் கூட்டத்தில் கூனரும் ஊமரும் குறளரும் இடம்பெறுகின்றனர். எனவே குறள் என்றால் உயரத்தால் மட்டுமன்றித் தொழிலாலும் ஒரு வகையினர், அதாவது அரசரின் அருகில் நின்று சிறுபணி செய்வோர், என்பது தெளிவு.

மனிதனிலிருந்து பேய்க்குச் செல்லும் பாலம் தேவாரத்தில் கிடைக்கிறது. சிவனைச் சூழ்ந்து ஆடும் கணங்களைச் சம்பந்தர் குறட்பூதம் என்கிறார். பெருவயிறும் குறுங்காலும் கொண்டு கோயில்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டவை அவையே. அரசனுக்குக் குறள் ஏவலாள் இருந்தது போலவே இறைவனுக்குக் குறட்பூதம் ஏவலாள் ஆயிற்று. அதுவே மந்திரவாதியிடம் இறங்கி வந்தபோது குறளி ஆயிற்று. ஈற்று இகரம் பெண்பாலைக் காட்டுவது என்று சிலர் கூறுவர். நொண்டி, கோமாளி முதலியவற்றில் அவ்விகரம் பால் குறிப்பதில்லை என்பதே அதற்கு விடை.

குறளியைக் குறளை என்னும் சொல்லிலிருந்து பெறுவோரும் உளர். குறளை என்பது புறங்கூறல். ஆண்டாள் திருப்பாவையில் நோன்பிருப்போர் விலக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அதனைக் கூறுகிறார். ஒருவரைச் சிறுமைப்படுத்தும் சொல் ஆதலின் குறளையும் குறு என்னும் அடியிற் பிறந்ததே. ஆயின் அது குறளிக்கு உடன்பிறப்பு, தாய் அன்று.

மலைநாட்டில் இச்சொல்லுக்கு அயலிலேயே ஓர் ஒப்பீடு வாய்த்திருக்கிறது. சிங்களத்தில் குட்டையனைக் குருமிட்டா என்பர். அதன் முற்பகுதி குறு என்பதனோடு கொள்ளும் ஒலியுறவு மொழியறிஞர் ஆராயத்தக்கது. குள்ளரைப் பற்றிய நம்பிக்கையோ வேறுபடுகிறது: அங்கே குள்ளர் செல்வத்தைக் காப்பவர். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் சங்கநிதி, பதுமநிதி என்னும் குள்ள உருவங்கள் வாயிலின் இருபுறமும் நிற்கின்றன. கண்டி நகரின் ஒரு குன்றுக்கே பெயர் தந்த பஹிரவன் சிங்கள மக்கள் நம்பிக்கையில் புதையலுக்குக் காவலன். செருமானியப் பழங்கதையின் அல்பெரிக் என்னும் குள்ளனும், டோல்கினின் கதைகளில் சுரங்கம் தோண்டும் குள்ளர்களும் பொருளைச் சேர்த்துக் காப்பவர்களே. தமிழ்க் குறளி எதையும் காப்பதில்லை. பிறர் கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறது. அதற்கென்று ஒரு மலையோ குகையோ செல்வமோ எந்தக் கதையிலும் இல்லை. இவ்வேறுபாடு அதன் பிறப்பைக் காட்டிக் கொடுக்கிறது: ஏவலாளாகப் பிறந்த சொல் பேயான பின்னும் ஏவலாளாகவே இருக்கிறது.

இங்கே இன்னொரு சொல்லையும் குறிப்பிடுதல் தகும். வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கு மேலும் மரமாக வளரக்கூடிய தேயிலையை இடுப்பளவில் நிறுத்துவதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைத் தறிக்கும் வேலையை மலையகத்தார் கவ்வாத்து என்பர். இது படைப்பயிற்சியைக் குறிக்கும் கவாத்து என்பதன் வடிவமே; ஒழுங்கு, விதி எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அவ்வேலைக்கெனக் கவ்வாத்துசாமி என்றொரு தெய்வத்தையும், தொழிற்சாலைச் சக்கரத்துக்கென ரோதமுனி என்றொரு தெய்வத்தையும் அம்மக்கள் அமைத்துக்கொண்டனர். ஒரு மரத்தைக் குட்டையாக்கி வாழ்ந்த மக்களிடம் அத்தொழிலின் பெயர் அரபிலிருந்து வந்ததாக இருக்க, சங்கப் புலவரின் குறள் என்னும் சொல் அவர்தம் பேய்க்கதைக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தது. பண்டிதர் ஏடுகளில் பாட்டின் பெயராகச் சுருங்கிய சொல்லை அதன் பழம்பொருளோடு காத்தவர்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த லயத்து மக்களைப் போன்றோரே.

அரண்மனைக் குறளன், சிவகணமாகிய குறட்பூதம், மந்திரவாதியின் குறளி ஆகிய மூவரும் ஒரே குடியினர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் குறளியை றகரத்தின் கீழேயே வைத்துள்ளது. தோட்டத்துக் கதைகளைத் தொகுத்து அச்சிடுவோர் இனியேனும் அதனை றகரமும் ளகரமும் இட்டே எழுத வேண்டும்.