தேவாரம் வட்டார முஸ்லிம்களும் அரசின் வறுமைக் குறைப்புத் திட்டங்களும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி தேவாரம். இப்பகுதியிலும் போடிநாயக்கனூர், உத்தமபாளையம், கம்பம் ஊர்களிலும் வாழும் முஸ்லிம்களில் இராவுத்தர்களே மிகுதி. கடை, வியாபாரம் என்று நிலைபெற்ற குடும்பங்கள் இவர்களிடையே உண்டு. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி அத்தகையோரின் முயற்சி. அதே பள்ளிவாசல் ஜமாஅத்தில் அன்றாடக் கூலியை நம்பிய வீடுகளும் இருக்கின்றன. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புவது இந்த அடிவார ஊர்களில் பல சமூகத்தாருக்கும் பொதுவான பிழைப்பு.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம், அதாவது 5.86 விழுக்காடு. எழுத்தறிவில் இவர்கள் பின்தங்கியோர் அல்லர். 2001இலேயே அது 82.9 விழுக்காடு, மாநில சராசரியைவிட அதிகம். பள்ளிப் படிப்பு அரசு வேலையாகவும் நிலையான வருமானமாகவும் மாறாததே இங்குள்ள சிக்கல்.

அதற்கு மாநில அரசு தேர்ந்த வழி இடஒதுக்கீடு. ஆந்திரத்தில் முஸ்லிம்கள் அனைவருக்கும் 5 விழுக்காடு என்று 2005இல் செய்த ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் நீக்கியது. தமிழ்நாடோ மதத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், ஏற்கெனவே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த அன்சார், தக்கணி முஸ்லிம், துதேகுலா, இராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினருக்கு 2007இல் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்தது. கிறித்தவர்களுக்கும் அதே அளவு தரப்பட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் அதை வேண்டாம் என்றனர். முஸ்லிம்களுக்கானது நிலைத்தது. 200 இடங்களுக்கு 7 என்பது இதன் கணக்கு. சில பணியிடங்களை மட்டும் நிரப்பும் அறிவிப்புகளில் அவர்களுக்குரிய இடம் வராமலே போவதால், விழுக்காட்டை உயர்த்தும் கோரிக்கை ஓயவில்லை.

சாதிச் சான்றிதழ்தான் இதன் வாசல். பிற சமூகங்களிலிருந்து இஸ்லாத்தைத் தழுவியோர் நெடுநாள் அந்த வாசலில் நின்றார்கள். பட்டியல் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி முஸ்லிமாகும் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் ஆகவும் முடியாது என்ற நிலையை 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உறுதி செய்தது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், பட்டியல் சாதியினராக இருந்து மாறியோரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருத 2024 மார்ச்சில் அரசு ஆணையிட்டது. இது சலுகை அன்று, தாமதமாக வந்த நியாயம்.

கடனுதவிக்கு 1999இல் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் (டாம்கோ) அமைந்தது. 1994இல் உருவான தேசிய சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் பணத்தை இது தனிநபர் கடன், சுயஉதவிக் குழுக் கடன், கல்விக் கடன் என்று கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கொடுக்கிறது. வட்டி குறைவு, ஆனால் ஜாமீன் வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட யார் முன்வருவார்? மாவட்ட அலுவலகம் தேனியில் இருப்பதால், ஒவ்வொரு நடையும் ஒருநாள் கூலியைத் தின்றுவிடும். வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதால் தயங்குவோரும் உண்டு. அவர்கள் நாடுவது ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலை.

விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. நன்கொடையாகத் திரளும் தொகையை ஒட்டி அரசு இணை மானியம் தருகிறது. சம்பாதிப்பவர் ஒருவரே என்ற வீட்டில் அவர் போனால் என்ன ஆகும் என்பதை உணர்ந்த திட்டம் இது; செல்வர்கள் குறைந்த மாவட்டத்தில் நன்கொடையும் மானியமும் சேர்ந்தே குறையும் என்பது இதன் குறை. இமாம்கள், மோதினார்கள், மதரசா ஆசிரியர்களுக்கென உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009இல் ஏற்பட்டது.

ஒன்றிய அரசு, முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் அறிக்கை அளித்ததை அடுத்து, சிறுபான்மை மாணவர் உதவித்தொகைகளைத் தொடங்கியது. அவற்றில் 30 விழுக்காடு பெண் குழந்தைகளுக்கு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 ரூபாய். கட்டாயக் கல்விச் சட்டமே எட்டாம் வகுப்புவரை இலவசக் கல்வி தருகிறது என்ற காரணம் கூறி, 2022-23 முதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை இது நிறுத்தப்பட்டது. பள்ளிப் படிப்புக்கான இந்த உதவித்தொகையில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும் தகுதி மிஞ்சியது.