கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்



வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, கார் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடப்பது நம் ஊர்களில் சாதாரணம். இரவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்போதுதான் அது ஸ்டார்ட் ஆகாது. பதறி மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பினால் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜும் போய்விடும். 10 நொடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீர்கள். சற்று இடைவெளி விட்டு அடுத்த முறை முயலுங்கள்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் இருக்க வேண்டும். பிரேக்கையும் மிதிக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தால், பல மாடல்களில் ரிமோட்டையே பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் போதும்.

‘டிக் டிக்’ என்ற சத்தமும் மங்கலான விளக்கும் பேட்டரி இறங்கியதன் அடையாளம். முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவே கோளாறாக இருக்கலாம். விளக்கு பிரகாசமாக எரிந்தும் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகியுங்கள்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போது வரிசை முக்கியம். சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் கார் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கடையுங்கள். இறங்கிய பேட்டரி மேலேயே மாட்டினால், தீப்பொறி பறந்து அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடும். கழற்றும்போது வரிசை தலைகீழ். பேட்டரி உப்பியோ வெடிப்பு விட்டோ இருந்தால் கேபிளே வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் காருக்கு மட்டும்தான்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். எரிபொருள் இருக்கிறதா, சாவிப் படமுள்ள விளக்கு மின்னுகிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். (கிடக்கும் காரில் எலிக்குத்தான் முதல் சந்தோஷம்!) பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, மழைவெள்ளத்தில் நின்ற காராக இருந்தாலோ சாவியையே தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

வாரம் ஒருமுறை 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று பலர் வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூட அதில் சரியாக ஏறாது. ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டி வரட்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாடையே தெரியாமல் உயிரைப் பறித்துவிடும். ஓட்ட ஆளில்லாத வீடு என்றால், பயணம் புறப்படும் முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்து, அதைத் திரும்ப மாட்டும் விதத்தையும் வீட்டில் ஒருவருக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.